பிரேக் மேல் காத்திருந்த கால்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவில் கிடக்கும் அந்த மரப்பெஞ்சில் சண்முகவடிவு இதுநாள்வரை உட்கார்ந்ததே இல்லை. அது வேறு ஆட்களுக்கான பெஞ்சு. எந்த ஜன்னலில் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள், எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவர்கள், மகளுக்குத் துணையாக வந்து கொட்டாவி விடும் அப்பாமார்கள், இவர்களுக்கான பெஞ்சு. வடிவு டிரைவிங் ஸ்கூல் மேடம் வருகிறாள் என்றால் செருப்புச் சத்தத்தை வைத்தே கிளார்க் தலையைத் தூக்குவார், வாங்க மேடம், இன்னைக்கு எத்தனை உருப்படி என்பார், அவள் நின்றபடியே பேசி நின்றபடியே கையெழுத்து வாங்கிக்கொண்டு டெஸ்ட் மைதானத்துக்குப் போய்விடுவாள். இன்றைக்கும் தலையைத் தூக்கினார், உடனே குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "கொஞ்சம் உக்காருங்க மேடம், சார் கூப்பிடுவாக" என்றார். அந்த உக்காருங்க அவளுக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்தாள், ஆனால் முதுகைச் சாய்க்கவில்லை. சாய்ந்தால் அந்தப் பெஞ்சுக்காரிகளில் ஒருத்தி ஆகிவிடுவாள். கைப்பைக்குள் நோட்டீஸ் இருந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டிய குற்றத்துக்காக உமது ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாத காலம் ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதற்கு நேரில் விளக்கம் அளிக்கவும். உமது. அவளுக்கு யாரும் உமது போட்டு எழுதியதில்லை. அபராதத்தை அன்றைக்கே கட்டிவிட்டாள், அதோடு அது தீர்ந்தது. லைசென்ஸ் தீரவில்லை. போலீஸ்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை ஓட்டிக்கொள்ள ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, கார்டை இங்கே அனுப்பிவிட்டார். உள்ளே எவனோ ஒருத்தன் மேஜை மேல் அது மல்லாந்து கிடக்கும், அவள் போட்டோ மோட்டுவளையைப் பார்த்தபடி. மூன்று மாதம் ஓட்டக் கூடாது என்பது பெரிசில்லை, ஆட்டோ இருக்கிறது. சொல்லிக்கொடுக்கவும் கூடாது. ஸ்கூல் காரின் இடதுபக்க சீட்டில் வடிவு இல்லாமல் மூன்று மாதம், கோவில்பட்டிக்கே தெரியும்படி. தாலுகாவிலேயே முதன்முதலாக லாரி லைசென்ஸ் எடுத்த பொம்பளை அவள். எடுத்த நாளிலிருந்து ஒரு கோடு, ஒரு கீறல், ஒரு சலான் கிடையாது.

நடந்ததை மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள், ஒவ்வொரு தடவையும் வண்டி நிற்காமல் கோட்டைத் தாண்டுகிறது. சாயங்காலம். பல் டாக்டர் சம்சாரத்தை வீட்டில் இறக்கிவிட்டாயிற்று. அந்த அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கைப்பிள்ளையைப் பிடித்த மாதிரி விடவே மாட்டாள், வளைவில்கூட விடமாட்டாள், அவளோடு மல்லுக்கட்டியதில் வடிவுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. இறங்கி, சுற்றி வந்து, வலதுபக்கம் உட்கார்ந்து, தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். மார்க்கெட் சிக்னல். மஞ்சள் விழுந்தது, சிவப்பு விழுந்தது. பார்த்தாள், பார்க்கவில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது. பார்த்ததும் வாய் சொன்னது: பிரேக். மெதுவா, பிரேக். கால் ஆக்ஸிலேட்டரை விட்டு வந்து பிரேக் மேல் உட்கார்ந்தது, உட்கார்ந்து, பொறுத்தது. அங்கேதான் சிக்கல். ஸ்கூல் காரில் இடதுபக்கத்துக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு, அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த பிரேக்கை எப்போது மிதிக்கக் கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மற்ற ஸ்கூல்களில் கற்றுக்கொடுக்கிறவன் காலை எடுக்கவே மாட்டான், சிக்னல் வந்தால் தானே மிதித்து நிறுத்திவிடுவான், பழகுகிறவர்கள் நாம்தான் நிறுத்தினோம் என்று நினைத்துக்கொண்டு லைசென்ஸ் வாங்கி நேரே போய் யார் வீட்டுச் சுவரிலாவது முட்டுவார்கள். வடிவு அப்படி இல்லை. வாயால் சொல்லுவாள், காலை பிரேக் மேல் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு பொறுப்பாள். ஓட்டுகிறவள் போடட்டும். அந்த ஒரு மூச்சுதான் வடிவு டிரைவிங் ஸ்கூல். அதற்காகத்தான் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருகிறார்கள், அவள் பாராட்டுக்காக அல்ல, ஏனென்றால் அவள் யாரையும் பாராட்டியதே இல்லை. ஓட்டம் கைக்கு வந்துவிட்டது என்று தோன்றிய அன்றைக்கு இறங்கும்போது ஒரே வார்த்தை சொல்லுவாள், நாளையிலேருந்து வர வேண்டாம் என்று. அதைக் கேட்ட பெண்கள் அழுதிருக்கிறார்கள், ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தாளாம். சரி, அன்றைக்கு அந்த ஒரு மூச்சை அவள் யாருக்குக் கொடுத்தாள்? வலதுபக்கம் உட்கார்ந்திருந்தது அவள். பிரேக் என்று சொன்னது அவள். யார் போடப்போகிறார்கள் என்று பொறுத்தது அவள். பொறுத்து முடிப்பதற்குள் வெள்ளைக்கோடு பானெட்டுக்கு அடியில் போய்விட்டது. நின்றபோது நடு ரோட்டில் நின்றாள், தயிர் வண்டிக்காரன் ஒருத்தன் அவளைப் பார்த்து, மேடமா என்றான்.

"ஒத்த வரிதான்க்கா" என்றான் கந்தவேல். ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் மடக்கு மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன், அவளை உள்ளே விடாமல் காலையிலேயே பிடித்துக்கொண்டான். "பின்னாடி ஆம்புலன்ஸ் வந்துச்சு, வழி விட்டேன்னு ஒத்த வரி. எல்லாரும் அதைத்தான் சொல்லுதாக. சிக்னல் காமிரால முன்னாடி மட்டுந்தான் விழும், பின்னாடி என்ன வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்?" அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது, பாப்போம் என்று சொல்லிவிட்டு வந்தாள். பாப்போம் என்று சொன்னதிலிருந்து அந்த ஆம்புலன்ஸ் பின்னால் வந்துகொண்டே இருக்கிறது. முதலில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு கண்ணாடியில் அந்தச் சிவப்பும் நீலமும் வந்தது. பிறகு உள்ளே ஒரு ஆள் வந்து படுத்துக்கொண்டார், யாராக இருக்கும், நாலாட்டின்புதூரிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சி என்று வைத்துக்கொள்ளலாம், தலைப்பிரசவம், கூட அவள் அம்மா, கையில் வயர்கூடை, கூடைக்குள் பழைய சேலைத் துண்டுகள், வெந்நீர் பிளாஸ்க். டிரைவருக்குக்கூட முகம் வந்துவிட்டது, மீசை இல்லாத சின்ன வயசுக்காரன். நல்ல பொய், நாலு பேர் ஏறி உட்காரக்கூடிய விசாலமான பொய். அதைச் சொன்னால் கார்டு கைக்கு வரும், நாளைக் காலையில் பல் டாக்டர் சம்சாரம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் வடிவு. ஒருத்தரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைத்தாச்சி எங்கே போவாள், எந்த ஆஸ்பத்திரியில் இறங்குவாள்? ஒவ்வொரு தடவை சிவப்பு விழும்போதும் பின்னால் வந்து நின்று ஹாரன் அடிப்பாளே. வடிவுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருசம் உண்மையான ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி, ஒதுங்கச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் வராத ஆம்புலன்ஸின் பின்னால் ஒளிந்துகொள்வதா.

ஆனால் பொய்யைத் தள்ளிவிட்டால் மிச்சம் இருக்கிற உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு நானே பிரேக் என்று சொல்லிக்கொண்டேன், யாராவது போடுவார்கள் என்று பொறுத்தேன். கேட்கிறவன் என்ன நினைப்பான்? இந்த அம்மாவுக்குப் புத்தி தட்டிப்போச்சு என்று நினைப்பான். அவளுக்கே அந்தப் பயம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு தன் பிள்ளைகளின் பேர், தன் வண்டிகளின் நம்பர், தன்னிடம் படித்த டாக்டர்களின் பேர் எல்லாவற்றையும் ஒப்பித்துப் பார்த்தாள். எல்லாம் வந்தது. அவளைப் பெற்ற அம்மாவுக்கும் எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் வைத்த குழம்பையே மறுபடி வைத்தாள், ரெண்டு சட்டிக் குழம்பையும் பார்த்துக்கொண்டு சிரித்தாள், வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அப்போது அம்மாவுக்கு வயசு என்ன, இப்போது தனக்கு என்ன. வேண்டாம், அந்தக் கணக்கு வேண்டாம். இது அது இல்லை. அம்மா மறந்தாள், நான் மறக்கவில்லை, நான் மறக்காமல் செய்ததுதான் தப்பாகப் போயிற்று. காலுக்கு நான் கற்றுக்கொடுத்ததை அது சரியாகத்தான் செய்தது, சீட் மாறிவிட்டதை அதற்கு யாரும் சொல்லவில்லை. அந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் கர்வமும் கூடவே வந்துவிட்டது, அவளிடம் இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் வரும். வலது காலைப் பார்த்தாள். மெட்டி போட்ட விரல், கொஞ்சம் வீங்கின கணுக்கால். எத்தனை பேரைச் சாவிலிருந்து நிறுத்தின கால். இந்தக் காலைப் பற்றி ஒரு பொய் சொல்ல மாட்டேன்.

பக்கத்தில் அய்யாத்துரை சுவரில் ஒட்டியிருந்த போக்குவரத்துச் சின்னங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்காரர். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நின்று பார்க்கிற மனுசன். "வடிவு, இதென்ன, ரெண்டு அம்பு எதிரும் புதிருமா?" என்றார். "எதிர்ல வாரவனுக்கு வழி விடணும்." "நம்ம வீட்டு வாசல்ல மாட்டலாம்" என்றார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் என்னவோ அசைந்தது. இந்த மனுசனிடமும் ஒரு லைசென்ஸ் இருக்கிறது. அவள்தான் எடுத்துக்கொடுத்தாள், காலாவதி ஆக ஆக அவளே புதுப்பித்தும் கொடுக்கிறாள், எதுக்கு வடிவு என்பார், இருக்கட்டும் என்பாள். கார் ஓட்டுவதில்லை. டி.வி.எஸ். வண்டியில் ஊரெல்லாம் சுற்றுகிறார், காரில் ஏறினால் இடதுபக்கம்தான். கழுகுமலை ரோடு. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாலே அது வந்துவிடுகிறது. பங்குனி உத்திரத்துக்கு ஸ்கூல் காரில் போனார்கள், பின்சீட்டில் அவருடைய அண்ணனும் மதினியும். அவர் ஓட்டினார், நன்றாகத்தான் ஓட்டினார், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி ஓட்டினார். முன்னால் ஒரு ஆட்டு மந்தை. பிரேக் என்றாள். ஊருக்கெல்லாம் ஒரு மூச்சு பொறுக்கிறவள் புருசனுக்குப் பொறுக்கவில்லை. அவர் காலை வைப்பதற்குள் இடதுபக்கத்திலிருந்து மிதித்துவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது. பின்சீட்டிலிருந்து அண்ணன் சிரித்தார், என்னடே, பிரேக்கு உன் பொஞ்சாதி கால்லயா இருக்கு என்றார். அய்யாத்துரை இறங்கினார், சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார், நீயே ஓட்டு என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வருசம் போயிற்று, அடுத்த வருசம் போயிற்று, வருசங்களாயிற்று. அன்றைக்கு மந்தை எவ்வளவு தூரத்தில் இருந்தது? இப்போது யோசித்தால் நிறையத் தூரம் இருந்திருக்கிறது. ஒரு மூச்சு இருந்திருக்கிறது. அவரிடம் அவள் நாளையிலேருந்து வர வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவரும் வந்துகொண்டே இருக்கிறார், கூடவே, இடதுபக்கம், இன்றைக்கு இந்த பெஞ்சுவரைக்கும்.

"மேடம், சார் கூப்பிடுதாக."

அதிகாரி சின்ன வயசு, ஊருக்குப் புதுசு, கோயம்புத்தூர்ப் பக்கம் போல, வாய் நிறைய ங்க இருந்தது. கார்டு அவர் மேஜை மேல்தான் இருந்தது, மல்லாந்து இல்லை, குப்புறக் கிடந்தது. அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. அது வருத்தமாகவும் இருந்தது, சௌகரியமாகவும் இருந்தது.

"உக்காருங்கம்மா. சிக்னல் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது."

"பின்ன ஏனுங்க நிக்கல?"

ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்து நின்றது. பிள்ளைத்தாச்சி முனகினாள். கந்தவேலின் ஒத்த வரி நாக்கு நுனியில் நின்றது. அதிகாரியே அதற்குக் கதவைத் திறந்தும்விட்டார். "பின்னாடி ஆம்புலன்ஸ் ஏதாச்சும் வந்துச்சுங்களா? பாதிப் பேர் அதுதான் சொல்றாங்க." சொல்லும்போது அவர் குரலில் ஒரு அலுப்பு இருந்தது. அந்த அலுப்பில்தான் வடிவுக்கு முதுகு நிமிர்ந்தது. பாதிப் பேரில் ஒருத்தியா.

"வரலை" என்றாள். "பிரேக்குனு சொன்னேன்."

"யாருகிட்டங்க?"

"எங்கிட்டத்தான். நான் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். நாள் பூரா இடதுபக்கம் உக்காந்து சொல்லுறவ. அன்னைக்கு வலதுபக்கம் உக்காந்துக்கிட்டு சொல்லிட்டேன்."

அவர் பேனாவை வைத்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. "கால் எங்கீங்க இருந்துச்சு அப்ப?" என்றார்.

அது ஒரு கேள்வி. இத்தனை நாளில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. போலீஸ்காரர் கேட்கவில்லை, கந்தவேல் கேட்கவில்லை, போனில் அழுத மகள் கேட்கவில்லை. வடிவுக்கு அந்தப் பையன் மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்தது. "பிரேக் மேலதான் இருந்துச்சு. மிதிக்கல. காத்துக்கிட்டு இருந்துச்சு."

"எதுக்குங்க?"

"ஓட்டுறவங்க போடட்டும்னு."

அவர் கொஞ்ச நேரம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எனக்குப் புரியுதுங்கம்மா. ஆனா தாண்டினது தாண்டினதுதானுங்களே" என்றார். "ஆமா" என்றாள் வடிவு, சட்டத்தைத் தானே எழுதினவள் மாதிரி. "குறுக்க ஒரு சைக்கிள் வந்திருந்தா காத்துக்கிட்டு இருந்தேன்னு அதுகிட்டச் சொல்ல முடியாது. போடுங்க." மூன்று மாதம் என்று எழுதினார். இந்த மூன்று மாதத்தில் ஓட்டினால் அது வேறு குற்றம், ஜெயில்வரைக்கும் போகும் என்று அவர் சொல்ல, தெரியும், வகுப்பில் அதையும் சொல்லுகிறேன் என்றாள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள், எப்போதும் போடுவதைவிடப் பெரிதாக. எழுந்தபோது அவரும் லேசாக எழுந்த மாதிரி இருந்தது. லைசென்ஸ் மூன்று மாதத்துக்குப் போய்விட்டது, ஆனாலும் அவள் செருப்புச் சத்தம் வரும்போது இருந்ததைவிடக் கூடுதலாகக் கேட்டது. கிளார்க் தலையைத் தூக்கினார். இந்தத் தடவை அவரும் குனியவில்லை, அவளும் குனியவில்லை.

வெளியே வெயில். வேப்பமரத்தடியில் கந்தவேல் என்னாச்சுக்கா என்று எழுந்தான், "ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரின் வலதுபக்கக் கதவில் கை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது. காலையில் ஓட்டிக்கொண்டு வந்தவள் இப்போது ஓட்டக் கூடாது, போலீஸ்காரர் கொடுத்த சீட்டும் உள்ளேயே போய்விட்டது. சாவி உள்ளங்கையில் சுட்டது. அய்யாத்துரை பழக்கத்தில் இடதுபக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார், அப்படியே அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் கூரைக்கு மேலே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எல் போர்டைக் கழற்றி டிக்கியில் போட்டாள். சுற்றி வந்து சாவியை நீட்டினாள். "நீங்கதான் ஓட்டணும்." அவர் உடனே வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார், கட்டிவிட்டு வாங்கினார்.

கிளம்பும்போது வண்டி ஒருதடவை அணைந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடி எடுத்தார். மெயின் ரோட்டில் ஏறினார், கண்ணாடியைப் பார்த்துத்தான் ஏறினார். கியர் மாற்றும்போது கிளட்ச்சை முழுசாக மிதிக்கவில்லை, அது அவள் பல்லில் கூசியது, சொல்லவில்லை. பேருந்து ஒன்று உரசுகிற மாதிரி போனது, அவர் லேசாக ஒதுங்கிக் கொடுத்தார், நாட்டியம் தெரிந்தவன் மாதிரி. எங்கே படித்தார் இதை? பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். அவள் ஊருக்கு இரைந்து சொன்னதையெல்லாம், அவள் ஓட்டும்போது முணுமுணுத்ததையெல்லாம் இந்த மனுசன் வருசக்கணக்காகக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். நெஞ்சுக்குள் கர்வம் ஏறியது, இது அவளுடைய கர்வம் இல்லை, அவரைப் பற்றின கர்வம், புதுசாக இருந்தது. அப்போது மார்க்கெட் சிக்னல் வந்தது. அதே சிக்னல். மஞ்சள். சிவப்பு. பிரேக் என்ற சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. வலது கால் தானாகப் போய் இடதுபக்க பிரேக் மேல் நின்றது. மிதித்தால் அதுவும் ஓட்டினதுதான், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினது, கையெழுத்தின் மை காயவில்லை. மிதிக்காவிட்டால். வெள்ளைக்கோடு வந்துகொண்டே இருந்தது. கழுகுமலை ரோட்டில் ஆடுகள் நின்றுகொண்டே இருந்தன. வடிவு இரண்டு காலையும் தூக்கி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த சீட்டில் அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை. கீழே பிரேக் யாரும் இல்லாமல் தனியாகக் கிடந்தது.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார், "சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொல்ல மாட்டேன்."

ஒரு மூச்சு. வண்டி வேகம் குறைந்து, குலுங்காமல், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. குறுக்கே ஜனங்கள் நடந்து போனார்கள், யாரோ ஒரு பெண் உள்ளே பார்த்து, சம்மணம் போட்ட மேடத்துக்கு வணக்கம் வைத்தாள். வடிவு பதில் வணக்கம் வைக்கவில்லை, கண் நிறைந்திருந்ததால் ஆள் யாரென்று தெரியவில்லை. நேரே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நாளையிலேருந்து வர வேண்டாம்."

பச்சை விழுந்தது, பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். அய்யாத்துரை முதல் கியரைப் போட்டுக்கொண்டே, "பெறவு மூணு மாசம் உன்னைய யாரு கூட்டிட்டுப் போவா?" என்றார்.